வரைகலைச் செயலிகளும் வானிலைக் கணக்கும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற கல்விப் பரிசளிப்பு நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வல்ல நாயன் அல்லாஹ்வின் திருப்பெயர் கொண்டு தொடங்குகிறேன்.

  

சென்ற மாதம் நம் கல்விக் குழுவிடம் இளைஞர்கள் சிலர் ஒரு விண்ணப்பம் கொடுத்தனர். மதரஸா மாடியில் இயங்கும் கணினி அறைக்கு, விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு பொருத்திய கணினி ஒன்று வாங்கித் தர வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. குழுவில் இருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, அது விளையாட்டுக்கு வாங்குகிற சாமான் அல்லவா? ஜமாஅத் காசில் அதை ஏன் வாங்க வேண்டும்?" என்று கேட்டார். அதற்கு ஒரு மாணவர், "இல்லை மாமா, இப்போது அறிவியல் கணக்கு, பொறியியல் கணக்கு எல்லாம் அதில்தான் போடுகிறார்கள்" என்றார். பெரியவரின் கேள்வியும் நியாயமானது. மாணவரின் விடையும் உண்மையானது. பொறியியல் கணக்கீட்டுத் துறையில் பணிபுரிபவன் என்பதால், இதுபற்றிப் பொதுவில் விளக்கும்படி நிர்வாகம் என்னைப் பணித்தது. நம் அனைவருக்கும் விளங்கக்கூடிய எடுத்துக்காட்டு என்பதால், வானிலைக் கணக்கை வைத்து இதனை விளக்க விரும்புகிறேன்.

மறைவானவற்றின் அறிவு அல்லாஹ்வுக்கே உரியது என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் அவன் படைத்த காற்றும் நீராவியும் அவன் வகுத்த ஒழுங்கின்படியே இயங்குகின்றன. அந்த ஒழுங்கைக் கணக்கிட்டு, நாளை என்ன நிகழக்கூடும் என்று எச்சரிப்பதே வானிலை அறிவியலின் வேலை. அதற்குக் காற்று மண்டலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்கிறார்கள். ஒரு கட்டத்தின் அடுத்த நிமிட நிலை, அதன் இப்போதைய நிலையையும் அண்டைக் கட்டங்களின் நிலையையும் பொறுத்தது. இப்படி நிமிடம் நிமிடமாக முன்னேறி நாளைய நிலையை அடைகிறார்கள்.

இந்த முறையை முதன்முதலில் முழுமையாகச் செய்து பார்த்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர். முதல் உலகப் போரின்போது போர் செய்ய மறுத்து, பிரான்சில் காயம்பட்டோரை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் வண்டியில் பணியாற்றினார். அந்தப் பணிக்கிடையே, 1910 மே 20-ஆம் நாளின் ஆறு மணி நேர வானிலையைக் கையாலேயே கணக்கிட்டார். அதற்கு அவருக்கு ஆறு வாரங்கள் தேவைப்பட்டன. விடையோ முற்றிலும் தவறு. அன்று காற்றழுத்தம் ஏறத்தாழ மாறாமல் இருந்தது. அவர் கணக்கோ 145 மில்லிபார் உயரும் என்றது.

அவர் அதை மறைக்கவில்லை. 1922-இல் வெளியிட்ட நூலில் தம் தவறான விடையையும் சேர்த்தே அச்சிட்டார். அந்நூலில் ஒரு கற்பனையையும் எழுதினார். உலகப் படம் தீட்டிய மாபெரும் வட்ட மண்டபம். அதில் 64,000 பேர் அமர்ந்து, ஆளுக்கொரு பகுதியை ஒரே நேரத்தில் கணக்கிடுகிறார்கள். நடுவே உயர்ந்த மேடையில் ஒருவர் நின்று, முந்துகிறவர் மீதும் பிந்துகிறவர் மீதும் வெவ்வேறு நிற விளக்கொளி பாய்ச்சி, அனைவரையும் ஒரே சீராக நடத்துகிறார். கணினி என்ற இயந்திரம் இல்லாத காலத்தில் எழுதப்பட்ட இக்கற்பனையே, இன்று நாம் பேசும் வரைகலைச் செயலியின் உட்புறத்தைப் படம் பிடித்தது போல் உள்ளது.

பின்னர் 1950-இல் அமெரிக்காவில் எனியாக் என்ற மின்னணுக் கணினியைக் கொண்டு வானிலையைக் கணித்தனர். 24 மணி நேர முன்னறிவிப்பைக் கணக்கிட ஏறத்தாழ 24 மணி நேரமே ஆயிற்று. நாளைய செய்தி நாளைதான் கிடைக்கும் என்றால் அதனால் யாருக்கு என்ன பயன்? வானிலைக் கணக்கில் வேகம் என்பது ஆடம்பரமன்று என்பது இதிலிருந்து விளங்கும்.

கட்டம் சிறியதாக இருந்தால்தான் முன்னறிவிப்பு நுட்பமாக அமையும். ஆனால் கட்டத்தின் நீள அகலங்களைப் பாதியாக்கினால், கட்டங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகிறது. கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால் வேலை எட்டு மடங்காகிறது. இத்தனை வேலையை யார் செய்வது? இங்கேதான் விளையாட்டுச் சாமான் உள்ளே நுழைகிறது.

கணினித் திரை என்பது சிறு புள்ளிகளால் ஆனது. 1920-க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் 20 லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள் உள்ளன. விளையாட்டில் படம் ஓட வேண்டுமானால், வினாடிக்கு 60 முறை ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணக்கிட வேண்டும். அதாவது வினாடிக்குப் பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட கணக்குகள். ஒவ்வொரு கணக்கும் எளியது. எல்லாம் ஒரே மாதிரியானது. பெரும்பாலும் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை. எனவே மிகத் திறமையான ஒரு சில கணக்கர்களைக் காட்டிலும், எளிய கணக்கர் பல நூறு பேரை ஒரே சில்லில் அமர்த்துவதே மேல் என்று கிராபிக்ஸ் கார்டு செய்வோர் முடிவு செய்தனர். 1999-இல் என்விடியா நிறுவனம் தன் ஜிஃபோர்ஸ் 256 கார்டோடு ஜி.பி.யு. என்ற பெயரைப் பரப்பியது. வரைகலைச் செயலி என்று நாம் தமிழில் சொல்வது இதைத்தான்.

இந்தச் செயலிக்குள் கணக்கர்கள் தனித்தனியே தம் விருப்பப்படி இயங்குவதில்லை. சிறு சிறு அணிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பார்கள்; ஓர் அணியினர் அனைவரும் ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் நிறைவேற்றுவார்கள். வணக்கத்தை இயந்திரத்தோடு ஒப்பிடுவது என் நோக்கமன்று. விளங்குவதற்காக மட்டும் சொல்கிறேன். இமாமின் ஒரு தக்பீருக்கு எல்லா சஃபுகளும் ஒருசேரக் குனிவதை நாம் அன்றாடம் காண்கிறோம். ஒரு கட்டளை, பல உடல்கள், ஒரே அசைவு. செயலியின் வேகத்துக்குக் காரணமும் இதுதான்.

இந்த ஆற்றலை அறிவியலுக்குத் திருப்பலாமே என்று ஆய்வாளர்கள் சிலர் 2000-க்குப் பின் முயன்றனர். தொடக்கத்தில் தம் எண்களையெல்லாம் படப்புள்ளிகள் போல வேடமிட்டு அனுப்பிக் கணக்கிட்டனர். 2004-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இயன் பக் என்பவரும் உடன் ஆய்வாளர்களும், அந்த வேடம் தேவைப்படாத புரூக் என்ற நிரல் மொழியை வெளியிட்டனர். என்விடியா நிறுவனம் கூடா என்ற அமைப்பை 2006 நவம்பரில் அறிவித்து, 2007-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டது. அந்நாளைய ஜிஃபோர்ஸ் 8800 கார்டில் 128 கணக்கிடும் அலகுகள் இருந்தன. அறிமுக விலை 599 டாலர். ஆய்வுக்கூடங்களில் மட்டும் இருந்த ஆற்றலின் ஒரு பங்கு மாணவரின் மேசைக்கு வந்தது. மறுபுறம், 2022-இல் வினாடிக்கு ஒன்றின் பின் 18 சுழிகள் கொண்ட எண்ணிக்கையில் கணக்கிட்டுக் காட்டிய அமெரிக்காவின் ஃபிரான்டியர் மீக்கணினியும், ஏ.எம்.டி. நிறுவனத்தின் 37,632 வரைகலைச் செயலிகளைக் கொண்டதே. எனவே மாணவர் சொன்னது உண்மை.

அப்படியானால் உடனே வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். பொறுங்கள். ரமளானில் நம் பள்ளியில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியை நினைத்துப் பாருங்கள். பூண்டு உரிக்க, வெங்காயம் நறுக்க, தேங்காய் துருவ ஒரே ஆள் அமர்ந்தால் மூன்று மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். பின்னர் அடுப்பில் கஞ்சி வேக இரண்டு மணி நேரம். மொத்தம் ஐந்து மணி நேரம். பத்து இளைஞர்கள் கூடினால் மூன்று மணி நேர வேலை 18 நிமிடத்தில் முடியும்; ஆனால் கஞ்சி வேக அதே இரண்டு மணி நேரம்தான். மஹல்லாவில் உள்ள நூறு பேர் வந்து உட்கார்ந்தாலும், மொத்த நேரம் இரண்டு மணிக்குக் கீழே இறங்காது. ஆள் நூறு மடங்கு. வேகமோ இரண்டரை மடங்கைக்கூட எட்டாது. பங்கிட முடியாத வேலை எவ்வளவோ, அதுவே வேகத்துக்கு எல்லை. 1967-இல் ஜீன் ஆம்டால் என்ற கணினி வல்லுநர் எடுத்துரைத்த கருத்து இது. கணினித் துறையில் இன்றும் ஆம்டால் விதி என்றே வழங்குகிறது.

இன்னொன்றும் உண்டு. உரிப்பவர்கள் மதரஸா மாடியிலும் அடுப்பு பள்ளியின் பின்கட்டிலும் இருந்து, ஒவ்வொரு பூண்டாக உரித்து ஓடிவந்து கொடுத்தால் என்ன ஆகும்? உரிப்பதைவிட ஓடுவதற்கே நேரம் போகும். கணினியின் மையச் செயலிக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் இடையே தரவுகள் போய்வரும் பாதையும் அத்தகையதே. கார்டினுள் கணக்கு விரைவாக நடக்கும். வெளியே போய்வருவது மெதுவாக நடக்கும்.

இதை நான் நூலில் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். முன்பு நான் பணிபுரிந்த இடத்தில், உலோகத் தகட்டில் வெப்பம் பரவும் கணக்கு ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். வேகம் வேண்டும் என்று மேலாளரிடம் வாதாடி, விலை உயர்ந்த கார்டு ஒன்றை வாங்கச் செய்தேன். நிரலில் அதிக நேரம் எடுத்த ஒரு பகுதியை மட்டும் கார்டுக்கு மாற்றினேன். ஓட்டிப் பார்த்தபோது, முன்னைவிட மெதுவாக ஓடியது! ஒவ்வொரு படியிலும் எல்லா எண்களையும் கார்டுக்கு அனுப்பி, மீண்டும் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தேன். பிறகு கணக்கு முழுவதையும் கார்டிலேயே வைத்து, முடிவை மட்டும் வெளியே எடுக்கும்படி திருத்தி எழுத வேண்டியதாயிற்று. கார்டு வாங்க ஒரு நாள் போதுமானதாக இருந்தது. அதற்கேற்ப நான் சிந்திக்கக் கற்றுக்கொள்ளப் பல மாதங்கள் பிடித்தன.

இதே பாடத்தைப் பெரிய அளவில் கற்பிப்பது சுவிட்சர்லாந்து நாட்டின் அனுபவம். அது மலைகள் நிறைந்த நாடு. கட்டம் பெரிதாக இருந்தால் மலையும் பள்ளத்தாக்கும் ஒரே கட்டத்துள் அடங்கிச் சமதரை போலாகிவிடும். எனவே அந்நாட்டு வானிலை நிறுவனமான மெட்டியோசுவிஸ், தன் கட்ட அளவை 2.2 கிலோமீட்டரிலிருந்து 1.1 கிலோமீட்டராகக் குறைக்க விரும்பியது. அதோடு, தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றி ஒரே முன்னறிவிப்பை 21 முறை கணக்கிட்டு, எந்த அளவு நம்பலாம் என்பதையும் அறிய விரும்பியது. இதற்கு முன்னிருந்ததைப் போல் சுமார் 40 மடங்கு கணக்கீட்டுத் திறன் தேவைப்பட்டது. செலவையும் மின்சாரத்தையும் 40 மடங்காக்க எந்த அரசு சம்மதிக்கும்?

காஸ்மோ என்ற அந்த வானிலை நிரல் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டிருந்தது. அறிவியலாளரும் நிரலாளரும் கூடி அமர்ந்து, காற்றின் இயக்கத்தைக் கணக்கிடும் மையப் பகுதியை வேறொரு மொழியில் புதிதாக எழுதினர். எஞ்சியதை வரைகலைச் செயலியில் ஓடும்படி திருத்தினர். தரவு அங்குமிங்கும் ஓடாதபடி கணக்கு முழுவதையும் கார்டுகளிலேயே வைத்தனர். லுகானோ நகரின் தேசிய மீக்கணினி மையத்தில் 192 டெஸ்லா கார்டுகள் கொண்ட இயந்திரத்தை நிறுவி, 2016-இல் அன்றாட முன்னறிவிப்பைத் தொடங்கினர். வரைகலைச் செயலிகளைக் கொண்டு அன்றாட முன்னறிவிப்பு வழங்கிய முதல் தேசிய வானிலை நிறுவனம் அதுவே. 2024-இல் காஸ்மோவை விடுத்து ஐகான் என்ற புதிய நிரலுக்கு மாறிய பின்னரும், வரைகலைச் செயலிகளையே அது பயன்படுத்துகிறது.

அந்த 40 மடங்கு எங்கிருந்து வந்தது என்று அப்பணியில் ஈடுபட்டோரே கணக்குக் காட்டியுள்ளனர். இதை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். நிரலைத் திருத்தி எழுதியதால் 1.7 மடங்கு. கணித முறையையும் எண்களின் நுட்ப அளவையும் சீர்செய்ததால் 2.8 மடங்கு. காலப்போக்கில் சாதாரணச் செயலிகள் வளர்ந்ததால் 2.8 மடங்கு. செயலிகளின் எண்ணிக்கையைக் கூட்டியதால் 1.3 மடங்கு. சாதாரணச் செயலியிலிருந்து வரைகலைச் செயலிக்கு மாறியதால் 2.3 மடங்கு. இவற்றைப் பெருக்கினால் ஏறத்தாழ 40 வரும். கிராபிக்ஸ் கார்டு மட்டும் தந்தது 2.3 மடங்கு. மனிதர்கள் அமர்ந்து யோசித்து நிரலையும் கணிதத்தையும் சீர்செய்தது ஏறத்தாழ 4.8 மடங்கு. கிராபிக்ஸ் கார்டைவிடச் சிந்தனை தந்ததே அதிகம்.

வேகம் வேறு, சரி வேறு என்பதையும் மறக்கலாகாது. ரிச்சர்ட்சனின் கணக்கு தவறியதற்குக் காரணம் அவருடைய கூட்டல் கழித்தல் அன்று. தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட அழுத்த, காற்று அளவுகள் ஒன்றுக்கொன்று சமநிலையில் இல்லை என்பதைப் பிற்கால ஆய்வு காட்டியது. அவருடைய மண்டபத்தில் 64,000 பேர் உண்மையாகவே அமர்ந்திருந்தாலும், அதே தவறான விடை ஆறு வாரத்துக்குப் பதில் அன்றைக்கே கிடைத்திருக்கும், அவ்வளவுதான். இன்று சில நிமிடங்களில் முன்னறிவிப்புத் தரும் செயற்கை நுண்ணறிவு முறைகள் வந்துள்ளன. ஐரோப்பிய வானிலை மையம் 2025 பிப்ரவரியில் அத்தகைய முறை ஒன்றை அன்றாடப் பணிக்குக் கொண்டுவந்தது. அவை பாடம் கற்றதும், பல பதிற்றாண்டுகளாக மனிதர் திரட்டிய அளவீடுகளிலிருந்தும் இயற்பியல் கணக்குகளிலிருந்தும்தான். நம் நாட்டிலும் பாரத் முன்னறிவிப்பு முறை 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்து, கட்ட அளவு 12 கிலோமீட்டரிலிருந்து 6 கிலோமீட்டராகக் குறைந்துள்ளது. இதற்கெல்லாம் நிரல் எழுதவும் பிழை கண்டுபிடிக்கவும் கணிதம் அறிந்த ஆட்கள் வேண்டும்.

இதனால் காக்கப்படுவது மனித உயிர். 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தனர். 2013-இல் அதே கரையைக் கடுமையான ஃபைலின் புயல் தாக்கியபோது இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. முன்னறிவிப்பு மேம்பட்டிருந்ததும், அதை நம்பி லட்சக்கணக்கானோரை முன்கூட்டியே அப்புறப்படுத்தியதும் இதற்குக் காரணம். ஆனால் 2017-இல் ஒக்கிப் புயல் விரைவாக உருவானபோது, முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலருக்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் சென்று சேரவில்லை. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் எத்தனை குடும்பங்கள் வாசலைப் பார்த்துக் காத்திருந்தன! கணக்கு விரைந்து முடிந்தால் மட்டும் போதாது. அது கடைசி மனிதனையும் எட்ட வேண்டும்.

இனி நம் கல்விக் குழுவின் முன்னுள்ள விண்ணப்பத்துக்கு வருகிறேன். ஜமாஅத் நிதி அமானிதம். ஒவ்வொரு ரூபாய்க்கும் மறுமையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். என் பணிவான கருத்து இது: இவ்வாண்டு அந்தக் கணினியை வாங்க வேண்டாம். அதற்கென ஒதுக்கும் தொகையை, வாரம் இரு நாள் வந்து கணிதமும் நிரலெழுத்தும் கற்பிக்கும் நல்ல ஆசிரியர் ஒருவரின் ஊதியத்துக்குச் செலவிடுவோம். அவ்வகுப்பு பெண் பிள்ளைகளுக்கும் உரிய நேரத்தில், உரிய வசதியோடு நடைபெற வேண்டும். இன்று பரிசு பெற்றோர் பட்டியலில் கணிதத்தில் முதல் மூன்று இடங்களும் அவர்களுடையவை என்பதை நினைவூட்டுகிறேன்.

மாணவச் செல்வங்களே, உங்கள் கோரிக்கையை மறுத்துவிட்டேன் என்று மனம் வருந்தாதீர்கள். பழகிப் பார்ப்பதற்குக் கார்டு சொந்தமாக வேண்டியதில்லை. கூகுள் கோலாப் போன்ற சேவைகள் வரைகலைச் செயலியைக் குறிப்பிட்ட அளவுக்கு இலவசமாகவே தருகின்றன. முதலில் அணிகளின் பெருக்கலைக் கையால் செய்து பழகுங்கள். பிறகு அதையே நிரலாக எழுதுங்கள். எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து பாருங்கள். எது பங்கிடத்தக்கது, எது அடுப்பில் வேக வேண்டியது என்று பிரித்தறியுங்கள். விடை சரிதானா என்று, விடை முன்னரே தெரிந்த ஒரு சிறு கணக்கை வைத்துச் சோதியுங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில், "எங்கள் நிரலில் இவ்வளவு பகுதி பங்கிடத்தக்கது, இலவசச் சேவை இந்த இடத்தில் போதவில்லை" என்று அளவோடு காட்டுங்கள். அன்று அந்தக் கணினிக்காக முதல் நன்கொடையை, இன்ஷா அல்லாஹ், நானே தருகிறேன்.

பெரியோர்களே, கணினி நிரலின் படிமுறையை உலகம் அல்காரிதம் என்று அழைக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்த சொல் அது. அந்தப் பேரறிஞர் தம் இயற்கணித நூலின் பெரும்பகுதியை எதற்கு ஒதுக்கினார் தெரியுமா? வாரிசுகளுக்குச் சொத்தை முறையாகப் பங்கிடும் கணக்குகளுக்கு. அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவது எளிது. அவர் செய்ததுபோல், மக்களுக்குத் தேவையான கணக்கைப் பிழையின்றிச் செய்யக் கற்பதே கடினம். நம் பிள்ளைகள் அந்தக் கடினமான வழியைத் தேர்ந்தெடுக்க நாம் துணை நிற்போமாக.

பயனுள்ள கல்வியையும், அதைக் கொண்டு மக்களுக்கு நன்மை செய்யும் உள்ளத்தையும் நம் சந்ததியினருக்கு வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! கடலிலும் கரையிலும் உழைப்போர் அனைவரையும் அவன் பாதுகாப்பானாக! ஆமீன்.